அழுகிய பழத்தில் அடுப்பு எரியும். எரிய வைப்பது யார்?

பெங்களூர் நகரில் ஒரு நாளைக்குச் சுமார் 5 ஆயிரம் டன் குப்பை சேருகிறது. இதில் பாதிக்கு மேல் மக்கிப் போகும் குப்பை. காய்கறிக் கழிவு, பழத்தோல், மிஞ்சிய சோறு, வாடிய பூ, வாழை இலை ஆகியவைதான் அதில் பெரும் பங்கு.

இந்தக் குப்பைக்காக மக்கள் இப்போது தனியாகப் பணம் கட்டுகிறார்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. வீட்டுக்காரர் கட்டும் பணம் நாளை வாடகையில் ஏறும் என்பது, ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. மாநகராட்சி ஐந்து ஆனாலும் குப்பை ஒன்றுதான்.

பணம் கொடுத்து, டீசல் எரித்து, குப்பையைக் கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டுவதற்குப் பதிலாக, அதிலிருந்து கியாஸ் எடுத்து அடுப்பு எரித்தால் என்ன? கேள்வி புதிது அல்ல. பெங்களூரிலேயே கட்டியும் பார்த்தார்கள். கட்டியதில் பல ஓடாமல் நின்றன. கோளாறு எங்கே இருக்கிறது?

மார்க்கெட்டில் மிஞ்சுவது

கியாஸ் எடுக்க மிகத் தோதான குப்பை பழ மார்க்கெட்டில் கிடைக்கிறது. ஓசூர் ரோட்டில் ஹுஸ்கூர் அருகே உள்ள சிங்கேன அக்ரஹாரம் மொத்த விற்பனைச் சந்தைக்கும், நகரின் நடுவே உள்ள கே.ஆர். மார்க்கெட்டுக்கும், கலாசிபாளையத்துக்கும் லாரி லாரியாகச் சரக்கு வருகிறது. வழியில் நசுங்கியது, வெயிலில் கனிந்தது, விலை போகாமல் தங்கியது எல்லாம் மறுநாள் குப்பை ஆகிவிடுகிறது.

வீட்டுக் குப்பையைச் சேர்க்க ஆயிரம் வாசல் ஏற வேண்டும். மார்க்கெட் குப்பை ஒரே இடத்தில் குவிகிறது. தினமும் வருகிறது. பழத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் சர்க்கரை அதிகம். இதை எரிக்கவும் முடியாது, பள்ளத்தில் போட்டால் சாறு வடிந்து நிலத்தடி நீரைக் கெடுக்கும். ஆகவே கியாஸ் தொட்டிதான் இதற்குப் பொருத்தமான இடம்.

மத்திய அரசு 2016ஆம் ஆண்டு வெளியிட்ட திடக்கழிவு விதிகளும் இதையே சொல்லின. காய்கறி, பழம், பூ, இறைச்சி, மீன் மார்க்கெட்டுகளின் கழிவை அன்றாடம் அகற்றி, மார்க்கெட்டுக்கு உள்ளேயோ அருகிலேயோ உரக் கிடங்கு அல்லது கியாஸ் ஆலை அமைக்க ஊக்கம் தர வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்று அந்த விதிகள் கூறின.

கியாஸ் எப்படி வருகிறது?

கிராமத்தில் சாண எரிவாயுக் கலன் பார்த்தவர்களுக்கு இது புரியும். காற்றுப் புகாத தொட்டிக்குள் கழிவைக் கூழாக்கி விடுகிறார்கள். உள்ளே இரண்டு வகையான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. முதல் வகை, சர்க்கரையையும் மாவுப் பொருளையும் தின்று அமிலமாக மாற்றுகிறது. இரண்டாம் வகை, அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. எரிவது இந்த மீத்தேன்தான். வெளிவரும் கியாசில் இது பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். மீதி பெரும்பாலும் கரியமில வாயு.

ஒரு டன் பழக் கழிவிலிருந்து ஏறக்குறைய 60 கன மீட்டர் கியாஸ் எடுக்கலாம். ஒரு கன மீட்டர் கியாஸ், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சமையல் கியாசுக்குச் சமம். அதாவது ஒரு டன் கழிவு, வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து டன் போட்டால் ஒரு நாளைக்கு ஒன்பது சிலிண்டர்.

கியாஸ் வெளிவந்த பிறகு தொட்டியில் மிஞ்சும் கரைசல் நல்ல உரம். சத்து எதுவும் வீணாவதில்லை.

இவ்வளவும் காகிதத்தில் உள்ள கணக்கு. தொட்டிக்குள் நடப்பது சற்று வேறு.

புளித்துப் போகும் தொட்டி

மாட்டுச் சாணம் மாட்டின் வயிற்றிலேயே பாதி செரித்து வருகிறது. அது தொட்டியில் மெதுவாக, ஒரே சீராக வேலை செய்யும். பழம் அப்படி இல்லை. பழத்தில் உள்ள சர்க்கரை சில மணி நேரத்திலேயே அமிலமாகிவிடும். ஆனால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் மெல்ல வளர்பவை. அமிலம் மிஞ்சினால் அவை சுருண்டு விடும். பிறகு தொட்டி முழுவதும் புளித்து, கியாஸ் நின்று, நாற்றம் மட்டும் வரும். மீண்டும் உயிர் கொடுக்கச் சுண்ணாம்பு கலந்து, சாணம் ஊற்றி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மாம்பழக் காலத்திலும், ஆயுத பூஜைக்கு மறுநாளும் இந்த ஆபத்து அதிகம். வழக்கமாக ஐந்து டன் வரும் இடத்தில் பத்து டன் வந்து குவியும். "எல்லாவற்றையும் உள்ளே தள்ளு" என்று மேஸ்திரி சொல்லிவிட்டால் அன்றோடு தொட்டி கெட்டது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் உள்ள எண்ணெயும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. அதை அளவோடுதான் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, பழத்தோடு வரும் மற்றப் பொருள்கள். பழக் கூடையில் வைக்கோல் இருக்கும். பழைய செய்தித்தாள், தெர்மாகோல், பிளாஸ்டிக் கயிறு இருக்கும். பூவில் நார் இருக்கும். இவை அரைக்கும் மெஷினில் சுற்றிக் கொள்ளும். குழாயை அடைக்கும். தொட்டியின் மேல் ஆடை போல் படிந்து கியாசை மறிக்கும். மாங்கொட்டையும் வாழைத்தண்டும் லேசில் மசியாது.

இவற்றைக் கையால் பிரித்து எடுக்க வேண்டும். தினமும் தொட்டியின் புளிப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு போட்டோம், எவ்வளவு கியாஸ் வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். கியாசில் கலந்து வரும் கந்தக வாயு என்ஜினை அரித்துவிடும் என்பதால், அதை வடிகட்டும் இரும்புத் தூளை அவ்வப்போது மாற்ற வேண்டும். இவை எதுவும் பெரிய விஞ்ஞானம் அல்ல. ஆனால் ஒரு நாள்கூட விடாமல் செய்ய வேண்டிய வேலைகள்.

2012ஆம் ஆண்டு பாடம்

பெங்களூர்வாசிகளுக்கு 2012ஆம் ஆண்டு நினைவிருக்கும். வடக்கே மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு கிராம மக்களின் எதிர்ப்பால் மூடப்பட்டது. நகரின் தெரு முனைகளில் குப்பை மலை போல் குவிந்தது. கிழக்கே மண்டூர் கிராமத்தின் மீது சுமை முழுவதும் விழுந்தது. அங்கும் மக்கள் போராடினார்கள். 2014ஆம் ஆண்டு இறுதியில் மண்டூருக்குக் குப்பை போவது நின்றது.

அந்த நெருக்கடியின்போது, பெங்களூர்க் குப்பையைக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டு போகலாம் என்றும் ஒரு யோசனை எழுந்தது. 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டு, வேலை இழந்து, தினமும் ரெயிலேறிப் பெங்களூருக்கு வந்து பிழைக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. "தங்கம் கொடுத்த ஊருக்குக் குப்பையா?" என்ற ஆத்திரத்தில் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது.

அதே ஆண்டில் கர்நாடக ஐகோர்ட்டு தலையிட்டது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு அக்டோபர் முதல் அமலுக்கு வந்தது. மக்கும் குப்பையை அந்தந்தப் பகுதியிலேயே தீர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இதைத் தொடர்ந்து மத்திகெரே, குவெம்பு நகர், கோரமங்கலம், கே.ஆர். மார்க்கெட் உள்பட பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாநகராட்சி கியாஸ் ஆலைகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் நாளைக்கு 5 டன் கழிவு தின்னக் கூடியது. கியாசில் என்ஜின் ஓட்டி, மின்சாரம் எடுத்து, தெருவிளக்கு எரிப்பது திட்டம்.

சில ஆண்டுகளிலேயே பல ஆலைகள் மாதக்கணக்கில் நின்று கிடந்தன. பிரிக்காத குப்பை வந்தது. மெஷின் பழுதானது. பழுது பார்க்க ஒப்பந்தம் இல்லை. மிஞ்சும் கரைசலை எடுத்துச் செல்ல விவசாயி இல்லை. சாக்கடையில் விட்டால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கிய பட்ஜெட்டில் ஓட்டுவதற்குப் போதிய பணம் இல்லை. யானை வாங்கியவர்கள் தீனிக்கு வழி செய்யவில்லை.

சென்னையும் ஐதராபாத்தும்

இந்தக் குறை பெங்களூரோடு முடிவதில்லை. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் 2005ஆம் ஆண்டு நாளைக்கு 30 டன் கழிவைப் பயன்படுத்தும் பெரிய ஆலை அமைக்கப்பட்டது. மின்சாரம் எடுத்து மின் வாரியத்துக்கு விற்கப்பட்டது. இந்தியாவே திரும்பிப் பார்த்த ஆலை அது. பிற்காலத்தில் அது ஓடாமல் நின்றது.

ஐதராபாத் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் அமைந்த ஆலை நல்ல பெயர் எடுத்தது. நாளைக்கு 10 டன் கழிவில் சுமார் 500 யூனிட் மின்சாரமும், மார்க்கெட் கேண்டீன் அடுப்புக்குச் சுமார் 30 கிலோ எரிபொருளும் கிடைப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் பிரதமர் வானொலி உரையில் இதைப் பாராட்டினார். காகிதக் கணக்கில் 10 டன்னுக்கு இதைவிடக் கூடுதலாக வரவேண்டும். ஆனாலும் இது உண்மைக் கணக்கு. நடக்கிற திட்டம் இந்த அளவில்தான் தரும் என்று வைத்துக் கொண்டு திட்டம் போடுவதே புத்திசாலித்தனம்.

இந்தூர் நகரில் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாளைக்கு 550 டன் மக்கும் குப்பையை ஏற்கும் ஆலை தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 17 ஆயிரம் கிலோ கியாஸ் எடுத்து, பஸ்களுக்கு நிரப்புவது அதன் நோக்கம். அங்கே ஆலையின் பெருமையைப் பேசுவோர், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் மக்கள் குப்பையைப் பிரித்துக் கொடுக்கப் பழகிவிட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆலை பிறகு வந்தது. பழக்கம் முதலில் வந்தது.

புரா கிராமம் காட்டிய வழி

வழி தேடி இந்தூர் வரை போக வேண்டியதும் இல்லை. பெங்களூர் மக்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், 1974ஆம் ஆண்டு பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி, கிராமங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பத்துக்காக 'அஸ்த்ரா' என்ற மையத்தைத் தொடங்கினார். அந்த மையத்தினர் தும்கூர் மாவட்டம் குனிகல் அருகே புரா என்ற சிறு கிராமத்தில் சாண எரிவாயு ஆலை அமைத்தார்கள். 1987ஆம் ஆண்டு முதல் அந்தக் கியாசில் என்ஜின் ஓட்டி, வீடுகளுக்கு விளக்கும் குழாய்த் தண்ணீரும் கொடுக்கப்பட்டன. பின்னர் இதே கழகத்தில் இலை தழைகளிலிருந்தும் காய்கறிக் கழிவிலிருந்தும் கியாஸ் எடுக்கும் முறைகள் ஆராயப்பட்டன.

புராவில் கவனிக்க வேண்டியது தொட்டியின் அமைப்பு மட்டும் அல்ல. சாணம் கொண்டு வந்து கொடுத்தவர்களுக்கு எடை போட்டுக் கூலி கொடுத்தார்கள். கியாஸ் எடுத்த பிறகு மிஞ்சிய கரைசலை அவரவருக்கே உரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, ஆலையை ஓட்டச் செய்தார்கள். அதனால் தொட்டிக்குத் தீனி தவறாமல் வந்தது. நகரத்தில் கட்டிய ஆலைகளில் விட்டுப் போனது இந்தக் கணக்குத்தான்.

மாம்பழ விலை வேறு, கியாஸ் வேறு

இங்கே இன்னொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை படுவீழ்ச்சி அடைந்தது. தமிழ்நாட்டில் 'பெங்களூரா' என்று பெயர் பெற்ற கிளிமூக்கு மாம்பழம் இதுதான். கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் விவசாயிகள் பழத்தை ரோட்டில் கொட்டி ஆத்திரத்தைக் காட்டினார்கள். குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அடிப்படையில் விலைக் குறைவை ஈடுகட்ட மத்திய அரசு பின்னர் சம்மதித்தது.

"இப்படிக் கொட்டும் பழத்தைக் கியாஸ் ஆக்கினால் விவசாயி பிழைப்பானே" என்று பேசுவோர் உண்டு. கணக்குப் போட்டால் உண்மை தெரியும். அந்த விலையில் ஒரு டன் மாம்பழம் 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதே ஒரு டன்னில் வரும் கியாஸ் இரண்டு சிலிண்டர்கூட இல்லை. நல்ல பழத்தைத் தொட்டியில் போட்டு எந்த விவசாயியும் கரையேற முடியாது. அவருக்கு வேண்டியது விலை, கூழ்த் தொழிற்சாலை, குளிர்சாதனக் கிடங்கு.

அதே கூழ்த் தொழிற்சாலையில் மிஞ்சும் தோலும் கொட்டையும் வேறு விஷயம். கூழ் எடுக்கும்போது பழத்தின் எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை கழிவாகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இத்தகைய தொழிற்சாலைகள் பல உண்டு. தோலைத் தனியே பிரித்துத் தொட்டியில் போட்டால், தொழிற்சாலைக் கொதிகலனுக்கே எரிபொருள் கிடைக்கும். கியாஸ் என்பது கழிவுக்கு வழி; பழத்துக்கு வழி அல்ல.

கியாசுக்கு வாங்குவோர் இல்லை என்ற பழைய சாக்கும் இனிச் செல்லாது. வண்டிகளுக்கும் குழாய் வழியாக வீடுகளுக்கும் விற்கும் கியாசில், குப்பையிலிருந்தும் சாணத்திலிருந்தும் எடுத்த கியாசைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. 2025-26ஆம் ஆண்டில் 1 சதவீதம் என்று தொடங்கி, 2028-29ஆம் ஆண்டில் 5 சதவீதம் வரை உயர்த்துவது அந்த ஏற்பாடு. ஆனால் முன்பு ஒரு முறை கசந்த அனுபவம் உண்டு. 2018ஆம் ஆண்டு அறிவித்த திட்டத்தில் 2023க்குள் நாடு முழுவதும் 5 ஆயிரம் ஆலைகள் என்றார்கள். எழும்பியவை அதில் மிகச் சிறு பங்கே. வாங்குவோர் இருந்தும், விலை சொல்லியும் ஆலைகள் வராததற்கு, சுத்தமாகப் பிரித்த கழிவு தொடர்ந்து கிடைக்காததும் ஒரு காரணம்.

கைகள் யாருடையவை?

சுற்றிச் சுற்றி எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கிறது. கழிவைப் பிரிக்கும் கைகள் யாருடையவை? அவற்றுக்குக் கூலி என்ன?

பெங்களூரில் பௌரகார்மிகர் என்று அழைக்கப்படும் துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்கள். தெலுங்கு, கன்னடம் பேசுவோருடன் தமிழ்க் குடும்பங்களும் இதில் உண்டு. பல ஆண்டு ஒப்பந்தக் கூலிக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டு ஜூலையில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025ஆம் ஆண்டு மே தினத்தன்று 12,692 பேருக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வழங்கப்பட்டது. இது பெரிய வெற்றி. ஆனால் தெருக் கூட்டுவோருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, குப்பை ஆட்டோ ஓட்டுவோருக்கும், அதில் ஏறி நின்று குப்பையைப் பிரித்துப் போடும் உதவியாளர்களுக்கும் கிடைக்கவில்லை. கியாஸ் தொட்டிக்குச் சுத்தமான கழிவு வருவதும் வராததும் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள்தான் விட்டுப் போனவர்கள்.

உயிர் ஆபத்தையும் பார்க்க வேண்டும். தொட்டி அடைத்துக் கொண்டால் "இறங்கி எடு" என்று ஒருவனை ஏவுவது சுலபம். உள்ளே இருக்கும் கந்தக வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. கியாஸ் தொட்டியும் அதே போன்ற சாவுக் குழிதான். மெஷினால் கழுவ முடியாத தொட்டியைக் கட்டவே கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மார்க்கெட்டிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக் குப்பை பிரிவதற்கு நாளாகும். மார்க்கெட் வியாபாரிகள் சில நூறு பேர்தான். கடைக்கு இரண்டு தொட்டி வைத்து, கயிறும் காகிதமும் ஒன்றில், பழம் ஒன்றில் என்று பழக்குவது கஷ்டமான காரியம் அல்ல.

இரண்டாவது, பிரித்துக் கொடுக்கும் தொழிலாளிக்கு எடைக்கு ஏற்பக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு டன் கழிவை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டு போக ஆகும் செலவு மிச்சமாகிறது அல்லவா? அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அந்தக் கைகளுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, ஆலை கட்டும் ஒப்பந்தத்திலேயே பத்து ஆண்டுக்கு ஓட்டும் பொறுப்பும், அதற்கான பணமும் சேர்ந்திருக்க வேண்டும். ஆலை எத்தனை நாள் ஓடியது, எத்தனை டன் தின்றது, எவ்வளவு கியாஸ் கொடுத்தது என்று மாதந்தோறும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். கட்டணம் கட்டும் மக்களுக்கு அதைப் படிக்கும் உரிமை உண்டு.

நான்காவது, கியாசை மின்சாரம் ஆக்குவதைவிட, முடிந்த இடத்தில் அடுப்பிலேயே எரிப்பது லாபம். என்ஜினில் போனால் சக்தியில் பெரும் பங்கு சூடாகி வீணாகும். மார்க்கெட்டைச் சுற்றி ஓட்டல்களும் டீக்கடைகளும் இருக்கின்றன. குழாய் போட்டுக் கொடுத்தால் தினமும் வாங்குவார்கள். வாங்குபவன் பக்கத்திலேயே இருந்தால், ஆலை ஒரு நாள் நின்றாலும் "கியாஸ் எங்கே?" என்று கேட்க ஆள் இருக்கும்.

ஐந்தாவது, மிஞ்சும் கரைசலுக்கு முன்கூட்டியே இடம் பார்க்க வேண்டும். ஆனேக்கல், ஓசூர் வட்டாரங்களில் காய்கறியும் பூவும் பயிரிடும் விவசாயிகள் அதிகம். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிகளில் உரத்தை ஏற்றி அனுப்பலாம்.

மாவள்ளிபுரா போய் மண்டூர் வந்தது. மண்டூர் போய் வேறு கிராமங்கள் வந்தன. நகரத்தார் தின்ற பழத்தின் தோல், கிராமத்தார் குடிக்கும் கிணற்றில் சாறாக இறங்கியது. இது முடிய வேண்டுமானால் தோலும் கழிவும் நகரத்துக்குள்ளேயே தீர வேண்டும். அதற்கான தொட்டியை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொட்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே, தொட்டிக்குத் தீனி போடும் கைகளுக்கும் பணம் ஒதுக்கினால் போதும். அந்த இரண்டும் ஒரே பட்ஜெட்டில் வரும் நாளில் அடுப்பு எரியும்.